சுத்தியல் யார் கையில்

பதினெட்டு வருடப் பள்ளிக்கூட வேலையில் மணியக்கா ஒரு நாள்கூடப் பிந்தி மணி அடித்ததில்லை. மகள் கல்யாணத்தன்றுகூடப் புதுத்துணியோடு ஓடிவந்து முதல் மணியை அடித்துவிட்டுத்தான் திரும்பினாள். "எங்க வீட்டுல தட்டு வைக்கணும்னாலும் மணி அடிக்கணும்" என்று புலம்புவார் அவள் வீட்டுக்காரர்.

அவள் மணி அடிக்கும் சுத்தியலைத்தான் அன்று தலைமையாசிரியை வாங்கிக்கொண்டார். ஏதோ பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். இனிமேல் கேலி செய்த பிள்ளைகளுக்குத் தண்டனை கிடையாதாம். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, பட்ட காயத்தை எப்படி ஆற்றுவது என்று பேச வேண்டுமாம். கையில் ஒரு பொருள் வைத்திருப்பவர் மட்டும்தான் வாயைத் திறக்கலாம். பொருளுக்குப் பூச்சாடி தேடினார், கிடைக்கவில்லை. சுத்தியல் கிடைத்தது. நாற்காலி போட வந்த மணியக்காவையும் வட்டத்தில் உட்கார வைத்துவிட்டார்.

ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஆடி அசைந்து மெதுவாக நடப்பாள். அவளை "வாத்து, வாத்து" என்று கூப்பிட்டு ஒரு கும்பலே பின்னால் அசைந்து நடந்தது. இன்று சரியாகாவிட்டால் நாளை முதல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

சுத்தியல் முதலில் அவளிடம் போனது. அவள் வாயையும் திறக்கவில்லை, சுத்தியலைக் கைமாற்றவும் இல்லை. மணி நான்கானது. வீட்டுக்கு விடும் நேரம். மணியக்கா பதறி எழுந்தாள். தலைமையாசிரியை உதட்டில் விரலை வைத்தார். நாலே கால். மணி அடிக்காததால் கணக்கு வாத்தியார் அடுத்த வருடப் பாடத்தைத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி.

கடைசியில் சிறுமி, கும்பலின் தலைவியான நெட்டைப் பெண்ணின் மடியில் சுத்தியலை வைத்தாள்.

"பேரு நான் வைக்கல டீச்சர். மணியக்காதான் வச்சாங்க. 'வாத்து, சீக்கிரம் வாடி'ன்னு தினமும் கேட்டுல நின்னு கத்துவாங்க. அதைத்தான் நாங்க புடிச்சிக்கிட்டோம். அவ அழுவான்னு தெரிஞ்சேதான் கூப்பிட்டோம். அது எங்க தப்பு."

சுத்தியல் மணியக்காவிடம் வந்தது. எழுந்து ஓடினால் மணியை அடித்துவிடலாம். ஆனால் சிறுமி பக்கம் திரும்பினாள்.

"செல்லமாத்தான்டி..." என்று இழுத்தவள் சிறுமியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "இல்ல. செல்லம் எனக்கு. வலி உனக்கு. இனிமே பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். வேற என்ன செய்யணும், சொல்லு."

சிறுமி கையை நீட்டிச் சுத்தியலை வாங்கினாள்.

"மணியை நான் அடிக்கிறேன். எல்லாரும் என் வேகத்துல என்கூட நடந்து வரணும்."

தலைமையாசிரியை முதல் நெட்டைப் பெண்வரை வட்டம் முழுவதும் ஆமை வேகத்தில் தாழ்வாரத்தைக் கடந்தது. சிறுமி அடித்தாள். விட்டுவிட்டு, மூன்று முறை. அது காலை மணி. பையை மூடி வைத்திருந்த பிள்ளைகள் முதல் பாடப் புத்தகத்தை எடுத்தார்கள். கணக்கு வாத்தியார் வருகைப் பதிவைத் திறந்தார்.

'அப்படி இல்ல' என்று சொல்ல மணியக்கா வாயெடுத்தாள். ஆனால் சுத்தியல் அவளிடம் இல்லையே! வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிறுமி சிரித்துவிட்டு நீட்டினாள். மணியக்கா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "வீட்டுக்கு விடுற மணின்னா விடாம அடிக்கணும் கண்ணு" என்று காட்டிக்கொடுத்தாள். பிறகு, "நாளைக்கு வருவியா?" என்றாள்.

"அடிக்க விட்டா வருவேன்."

மணியக்கா சுத்தியலைப் பார்த்தாள். பதினெட்டு வருடத்தைப் பார்த்தாள்.

"முதல் மணி மட்டும்தான். அதுவும் நேரத்துக்கு வரணும்!"