கரி பூசிய கத்தி

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருடம். கள்ளக்குறிச்சியைச் சுற்றிப் புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு வேலை வந்தது. கல்வராயன் மலையில், கரியாலூரில், கிராம நர்ஸ் வேலை. பதினைந்து நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் உத்தரவு செல்லாது.

அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

"நீ போவ வேணாம். மறியல்ல நானே நிக்கறேன், எங்க ஆளுங்க உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க. ஆனா இந்தச் சந்தடியில கத்திய வெச்சிக்கினு பை புடுங்கறவன் இருக்கானே, அவன் சும்மா வுடுவானா?"

நான் சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எனக்குக் கோபம் வந்தால் முதல் அடி சோற்றுக்குத்தான். அண்ணிதான் பேச்சை எடுத்தாள். "உங்க கத்திக்கே தப்பிச்சிட்டா அனுப்புவீங்களா?" அண்ணன் சிரித்துக்கொண்டே "அனுப்பறேன்" என்றான். தவளை தன் வாயால் கெட்டது.

அண்ணி என்னைவிட ஒரு வயது இளையவள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டும் கும்பலோடு ஊர் ஊராகப் போய்க் கொட்டகையில் தங்கி வளர்ந்தவள். குடித்துவிட்டுக் கத்தியோடு வருகிறவனிடமிருந்து தப்புவதை அங்கே பெண்கள் சோறு வடிக்கக் கற்கிற வயதிலேயே கற்றுக்கொள்வார்களாம்.

மறுநாள் காலை வீட்டுக்குப் பின்னால் இருந்த களத்தில் தொடங்கினோம். ஒரு சாண் மூங்கில் பட்டைதான் கத்தி. அதில் அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசினாள். நான் பயிற்சிக் காலத்து வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டேன். பட்டை எங்கே பட்டாலும் கறுப்பாகத் தெரியும். முதல் நாள் முடிவில் என் வயிறு, கழுத்து, விலா எல்லாம் கரி. அத்தனை முறை செத்திருந்தேன்.

"கத்தியப் பாக்காத, தோளப் பாரு. கை கெளம்பறதுக்கு முன்ன தோள் கெளம்பும். மணிக்கட்டோட உள்பக்கத்தக் காட்டாத, நரம்பெல்லாம் அங்கதான் இருக்குது. பைய முன்னால புடி. வழி கெடைச்சா ஓடு. ஜெயிக்கறதுக்குன்னு நிக்காத."

நான்காம் நாள் அவள் தோள் அசைந்ததும் பையால் கையை அடித்தேன். பட்டை பறந்து போய் விழுந்தது. உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. இந்த உடம்பை இருபத்திரண்டு வருடம் சும்மா தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேனே என்று தோன்றியது. ஓடிப்போய்ப் பட்டையை எடுத்து, அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவள் முன்னால் தரையில் வைத்தேன். அவள் எடுத்த கையோடு என் வயிற்றில் குத்தினாள்.

"இன்னா பண்ண நீ?"

"கத்திய கையில குடுத்தா சண்டை வரும்னு கீழ வெச்சேன் அண்ணி."

"இப்ப நாம இன்னா பண்ணிக்கினு இருக்கறோம், விருந்தா?"

எங்கள் வீட்டில் அரிவாள்மனையைக்கூட யாரும் கைக்குக் கை கொடுத்ததில்லை. கீழே வைத்தால்தான் அடுத்தவர் எடுப்பார். புத்தி சண்டை கற்றாலும் கை பழையபடியே இருந்தது. அடுத்த நாளும் வைத்தேன், அதற்கடுத்த நாளும் வைத்தேன். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் பல் துலக்கியபடி பார்த்துச் சிரித்தான்.

பன்னிரண்டாம் நாள் சோதனை. உடம்பில் கரி படாமல் களத்தின் வாசல் படலைத் தாண்டிவிட்டால் நான் மலைக்குப் போகலாம். பட்டால் உத்தரவைக் கிழித்துவிட வேண்டியதுதான். எனக்குப் பயமில்லை, ஆசைதான். அண்ணன் கரிப் பட்டையோடு படலை மறைத்து நின்றான். தோள் கிளம்பியது. விலகினேன். மறுபடி கிளம்பியது. பையை வீசினேன். பட்டை என் காலடியில் வந்து விழ, எடுத்துக்கொண்டேன்.

அண்ணனுக்கு என் கையின் புத்தி தெரியும். "குடு" என்று கை நீட்டினான்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் திட்டமிடவில்லை. கை தானாகத் தரைக்குப் போய்ப் பட்டையை வைத்துவிட்டது. அவன் அதை எடுக்கக் குனிந்தான். குனிந்த தலை கண்ணில் பட்டதும் என் கால்கள் முடிவு செய்துவிட்டன. அவன் நிமிர்ந்தபோது நான் படலுக்கு வெளியே நின்றேன். புடவை வெள்ளையாக இருந்தது. அண்ணி சிரித்துச் சிரித்துக் களத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அண்ணனே என் பெட்டியைச் சைக்கிளில் கட்டினான். வழியில் மரங்கள் கிடந்த இடத்திலெல்லாம் மறியல்காரர்களே சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். மலையடிவாரத்தில் மேலே போகிற ஜீப் ஒன்று நின்றிருந்தது. பெட்டியை ஏற்றினான். இடுப்பிலிருந்து தன் மடக்குக் கத்தியை எடுத்தான். நான் கை நீட்டினேன்.

அவன் என் கையில் தரவில்லை. குனிந்து, என் காலுக்கு முன்னால் மண்ணில் வைத்தான்.

"எடுத்துக்க. பழம் கிழம் நறுக்க ஆவும்."

எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தான்.