ஆர்டிஸின் அரை ஏக்கர்

க்ளோவர் என்ற தீவனச் செடியின் விதைப் பையைச் சமையலறை மேசைமேல் நிற்கவைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அதில் அச்சடித்திருப்பதை ஆர்டிஸ் டாலஃப்சன் உரக்கப் படிக்கிறாள். பையின் முகப்பில் கிளை கிளையாய்க் கொம்பு விரித்த மான் ஒன்று மார்பை நிமிர்த்தி நிற்கிறது. “இது க்ளோவர் தின்ன மானாம். பாரு, மாப்பிள்ளை கணக்கா நிக்கிறத!” பையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்ததும் குரல் ஏறுகிறது. “மூணுல ஒரு பங்கு வெறும் மேல்பூச்சு! விதைன்னு சொல்லி மண்ணை விக்கிறான். வெண்டல், கேக்குதா?”

பக்கத்து அறையில் இருக்கும் கணவனுக்குக் கேட்கத்தான் செய்கிறது. கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறது. “கேக்குதும்மா” என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறான்.

விஸ்கான்சின் மாநிலத்து மேட்டுநிலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் ஆர்டிஸ். நெடிய உடம்பு, கத்தரித்த நரைமுடி, எந்தக் குளிரிலும் கையுறை போடாத கைகள். கோபம் அவளுக்குக் காலைக் காப்பி மாதிரி; அது இல்லாமல் நாள் தொடங்காது. இருக்கைக்கு அடியில் சூயிங்கம் ஒட்டும் பிள்ளைகள்மேல் கோபம். பனி வராது என்று சொன்ன வானொலிக்காரன்மேல் கோபம். தன் புல்லில் வந்து இறங்கும் வாத்துகள்மேல் தனிக் கோபம். ஆனால் பேருந்துப் பிள்ளைகள் யாரும் அவளுக்குப் பயப்படுவதில்லை. பனி கொட்டும் காலையில் ஒரு பிள்ளை வாசலுக்கு வரவில்லையென்றால், ஹாரனை அழுத்திப் பிடித்து அந்த வீட்டையே எழுப்பி, ஏற்றிக்கொண்டுதான் வண்டியை நகர்த்துவாள். வழியெல்லாம் திட்டு விழும்.

மானுக்குத் தீவனம் போடும் எண்ணமும் ஒரு கோபத்தில்தான் பிறந்தது. பனி உருகும் பருவத்தில் ஒருநாள், பாதையோரத்தில் விலா எலும்பு துருத்திக்கொண்டு ஒரு சினை மான் நின்றது. தின்ன எதுவும் இல்லாமல் மரப்பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பேருந்துக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார்கள். ஆர்டிஸ் வீட்டுக்கு வந்து கதவை அறைந்து சாத்தினாள். “வயித்துல குட்டி வெச்சிருக்கு, ஒரு வாய் பச்சைக்கு வழியில்ல. சுத்தி இத்தனை பேர் குடியிருக்கோம், வெக்கமா இல்ல?”

“கடையில ரெண்டு மூட்டை சோளம் வாங்கிக் கொட்டிடேன்” என்றான் வெண்டல்.

“கொட்டினா? ஊர்ல உள்ள மானெல்லாம் ஒரே குவியல்ல வாய் வெச்சு, ஒண்ணோட சீக்கு ஒண்ணுக்கு ஒட்டும். வளந்து நிக்கணும். அதுங்க நடந்து, மேஞ்சு, தலைநிமிந்து சாப்பிடணும்.”

வீட்டுக்குப் பின்னே மேட்டின் உச்சியில், பெரணியும் முள்ளும் மண்டிய அரை ஏக்கர் கிடந்தது. மண்ணைச் சோதித்தால் அமிலம் மிகுந்த மண் என்று வந்தது. அதற்கும் கோபப்பட்டாள். பக்கத்து நிலத்துக்காரன் டெல்பர்ட் ஸ்கோகன் தன் பழைய டிராக்டரைக் கொண்டுவந்து, அமிலம் குறையச் சுண்ணாம்பு இறைத்துக் கொடுத்தான். டெல்பர்ட் வாய் திறக்காத மனிதன். மாடுகளை விற்றுவிட்டுச் சும்மா இருப்பவன். தேவாலயத்தில் டாலஃப்சன்களுக்கு முன்வரிசையில் உட்காருபவன். இலையுதிர்காலத்தில் உழுது, மண் அரிக்காமலிருக்கக் குளிர் தாங்கும் ரை தானியம் தூவினாள். மார்ச்சில், இரவில் உறைந்து பகலில் இளகி மண் வெடிப்பு விடும் நாட்களில், கழுத்தில் தொங்கும் விதைப்பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே மேட்டில் ஏறி இறங்கினாள். மான் படம் போட்ட பையின், கடுகைவிடப் பொடியான விதை. வெடிப்புகள் அதை வாங்கி மூடிக்கொண்டன.

முதல் கோடையில் களைதான் ஜெயித்தது. ஆர்டிஸ் அறுப்பு இயந்திரத்தை மேட்டுக்கு ஏற்றி, களை பூக்கும் முன்பே தலையைச் சீவினாள். மறு கோடையில் மண் கண்ணுக்கே தெரியவில்லை. மூன்று மூன்றாய் இலை விரித்து, வெள்ளைப் பூவும் தேனீயுமாகக் க்ளோவர் மேட்டை மூடியது. நடுவில் மான் வாய் வைக்க முடியாத கம்பிவலைக் கூண்டு ஒன்று வைத்திருந்தாள். கூண்டுக்குள் க்ளோவர் முழங்கால் உயரம். வெளியே கணுக்கால் உயரம். “பாத்தியா, தின்னிருக்குங்க! கழுதைங்க, நல்லாத் தின்னிருக்குங்க!” என்று வசைபாடினாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து வெண்டல் பார்த்ததில்லை.

ஆர்டிஸ் வேட்டைக்காரிதான். ஆண்டுக்கு ஒரு மான் சுடுவாள். அதன் இறைச்சிதான் அவர்களுக்குக் குளிர்காலம் முழுக்க. ஆனால் க்ளோவர்மேல் மட்டும் சுடமாட்டாள். கீழே ஓடைப்பக்கம் போய், குளிரில் மரத்தடியில் உட்காருவாள். மதுக்கடையில் இதை வைத்துக் கேலி செய்வார்கள். “விருந்து வெச்சுட்டுத் தூரப் போய் உக்கார்ற ஒரே பொம்பளை நீதான் ஆர்டிஸ்.” அவள் குவளையை மேசையில் இடிப்பாள். “பந்தியில உக்காந்தவனை எவனாவது சுடுவானா? நீ சுடுவே. உன் மூஞ்சிக்கு அதான் வரும்.”

மூன்றாம் ஆண்டு வேட்டைப் பருவத்துக்குச் சில வாரங்கள் முன்பு, டெல்பர்ட் தன் எல்லை வேலிக்குள் மறைந்திருந்து மான் சுட ஓர் உயரப் பரண் கட்டினான். புது மரம், தகரக் கூரை, ஒரே ஒரு சன்னல். அந்தச் சன்னல் அவன் நிலத்தைப் பார்க்கவில்லை. ஆர்டிஸின் க்ளோவரைப் பார்த்தது.

ஆர்டிஸ் அதைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள். அன்று பேருந்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிள்ளைகள் அப்போதுதான் முதன்முறையாகப் பயந்தார்கள்.

தேவாலயத்து நிலவறையில் அந்த ஆண்டு மீன் விருந்து. சாம்பல் காரநீரில் ஊறிக் கூழான மீனுக்கு உருக்கிய வெண்ணெய் ஊற்றும் வேலை ஆர்டிஸுக்கு. தட்டை நீட்டியபடி வரிசையில் டெல்பர்ட் வந்து நின்றான். அவள் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள்.

“உன் பரணுக்கு எதுக்கு என் பக்கம் சன்னல்?”

“காத்து அந்தப் பக்கத்துலேந்து நல்லா வருது.”

“காத்தா? டெல்பர்ட், உன் வாயில மீன் இருக்கும்போதே பொய் சொல்றியா?”

“இன்னும் வாங்கவே இல்லியே” என்றான் அவன், தட்டைப் பார்த்து. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவன் காது சிவந்தது. “என் எடத்துல கட்டியிருக்கேன் ஆர்டிஸ். சட்டத்துல தப்பில்ல. மான் காட்டோடது. உன் பட்டியில வளக்கல.”

கரண்டியைக் கவிழ்த்த வேகத்தில் வெண்ணெய் அவன் சட்டைக்கை வரை வழிந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம், அங்கே சொல்லியிருக்க வேண்டியதை வெண்டலிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். “சுண்ணாம்பு போட வந்தவன்! இதுக்குத்தான் வந்தானா? மனுசன் நாக்கு எதுக்கு இருக்கு, கேட்டிருக்கலாம்ல? ‘ஆர்டிஸ், உன் பக்கம் சன்னல் வெக்கட்டுமா’ன்னு ஒரு வார்த்தை!”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?”

“மாட்டேன்னுதான். அதுக்காகக் கேக்காம இருக்கலாமா?”

வேட்டைப் பருவம் தொடங்கிய சனிக்கிழமை, ஓடைக்கரை மரத்தடியில் ஆர்டிஸ் உட்கார்ந்திருந்தாள். விடிந்து கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து ஒற்றை வெடிச்சத்தம். பற்களைக் கடித்துக்கொண்டாள். வெயில் ஏறியபின் ஆரஞ்சுச் சட்டை போட்ட உருவம் ஒன்று வேலியோரமாக நடந்து இறங்கியது. டெல்பர்ட். வேலியைத் தாண்டாமல், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“அடி பட்டுது ஆர்டிஸ். விழல. உன் பக்கம் ஓடிடுச்சு.” தொப்பியின் விளிம்பைத் திருகினான். “நீ விட்டாத்தான் நான் வரமுடியும்.”

மாட்டேன் என்ற சொல் அவள் நாக்கின் நுனியில் நின்றது. சட்டம் அவள் பக்கம். பல வாரக் கோபமும் அவள் பக்கம். அவள் மேட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், எழுந்து துப்பாக்கியைத் தோளில் மாட்டினாள்.

“உனக்காக இல்ல. அது எங்கியோ வலியில கெடக்கு. வா. என் க்ளோவர்மேல மிதிச்சே, காலை ஒடிப்பேன்.”

ரத்தத் துளிகளை அவள்தான் கண்டுபிடித்தாள். இலைமேல் சொட்டு, தண்டுமேல் கீற்று. தவறியபோது டெல்பர்ட் முழங்காலில் குனிந்து அடுத்ததைக் கண்டான். இரண்டு பேரும் மாறி மாறிப் பள்ளம் வரை போனார்கள். விழுந்த மரமொன்றின் மறைவில் அது கிடந்தது. உயிர் போயிருந்தது. கழுத்து தடித்த ஆண் மான்; அகலக் கொம்பு.

டெல்பர்ட் குனிந்து கொம்பைத் தொட்டுப் பார்த்தான். “என் ஆயுசுல இவ்ளோ பெருசு சுட்டதில்ல” என்றான் மெதுவாக. சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். “பாதி நீ எடுத்துக்க.”

“வேணாம்.”

ஆர்டிஸ் குனிந்து, மானின் தலையைத் தன் முழங்கால்மேல் எடுத்து வைத்தாள். இரண்டு விரலைக் கடைவாய்க்குள் நுழைத்து உள்ளிருந்ததை உருவினாள். பச்சை மாறாமல், பாதி மென்று, பாதி முழு இலையாக ஒரு கொத்து, அவள் மேட்டுக் க்ளோவர். எச்சில் இன்னும் காயவில்லை. எழுந்து நின்று, டெல்பர்ட்டின் வலதுகையைப் பிடித்து விரித்து, அந்தக் கொத்தை உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.