ரிங்லெட்டில் ஏறிய ஆர்பெஜியோ

ஓட்டலில் கிட்டார் வாசிப்பது சுலபமான வேலைதான், கேட்பவர்கள் வாயில் கேக் இருக்கிற வரைக்கும். கல்யாண மண்டபத்திலும் பிறந்தநாள் விருந்திலும் ஊரே சாப்பிட, ஓரமாக உட்கார்ந்து வாசித்துப் பிழைக்கிற என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் கேமரன் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். வித்வான்கள் தொடையில் தட்டுகிற லயம் இல்லை. எஸ்டேட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கும் அதே பெயர். கிட்டார் கற்றது மாதா கோவில் பாடல்குழுவில். சோறு போட்டது தேயிலை ஃபேக்டரி. பேக்கிங் பகுதியில் பத்தொன்பது வருஷம் நின்றே வேலை பார்த்தேன். நாற்பத்து மூன்றாம் வயதில்தான் அதே மலையில் தானா ராத்தா டவுனில் ஓர் ஓட்டல், தன் டீ ஹாலில் ஜன்னலோரமாக ஒரு மர நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தது. மதியம் மூன்றிலிருந்து ஆறு வரை வாசிக்க வேண்டும். வேலை நேரத்தில் உட்காரலாம் என்பதே எனக்கு நம்ப முடியாத விஷயம். அந்த நாற்காலியை விட்டுவிடக் கூடாது என்று முதல் நாளே முடிவு பண்ணிவிட்டேன்.

ரெண்டு பேர் எதுக்கு?

ஆறு மாதம் நிம்மதியாகப் போயிற்று. பழைய பாட்டுகளுக்கு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கொத்து, பிடித்து அடித்துக்கொண்டிருப்பேன். சுற்றுலாக்காரர்கள் ஸ்கோன் பன்னில் ஸ்ட்ராபெர்ரி ஜாம் தடவிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் நஸீர் வந்து சேர்ந்தான். தானா ராத்தாவில் அவன் அப்பாவுக்கு ரொட்டி சானாய் என்கிற பரோட்டாக் கடை. மாவு வீசப் பிடிக்காமல் கோலாலம்பூருக்குப் போய் இசை படித்துவிட்டுத் திரும்பியவன். வயது முப்பது. கீபோர்டோடு வந்தான், டீ ஹால் இசைக்கு அவன்தான் இனி பொறுப்பு என்றார்கள். இனிமேல் ஜாஸ்தான் என்றான் அவன்.

ஜாஸில் ஒரு கொடுமை உண்டு. பாட்டின் நடுவே கொஞ்ச நேரத்தை உங்களுக்கென்று விட்டுவிடுவார்கள். அதில் அந்த நிமிஷமே சொந்தமாக எதையாவது உண்டாக்கி வாசிக்க வேண்டும். முதல் நாள் நஸீர் தலையை ஆட்டி எனக்கு வழிவிட்டான். அவன் அடித்துக்கொண்டிருந்த அதே கார்டுகளை இன்னும் பலமாக அடித்தேன். பாட்டு முடிந்ததும் கீபோர்டின் மேல் துணியைப் போட்டபடி அவன் சொன்னான்: "நான் சொல்றதையே நீங்களும் திருப்பிச் சொன்னா, இங்க ரெண்டு பேரு எதுக்குக்கா?"

ஆர்ப்பாட்டம்

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குள் நான் தனியாக வாசிக்கப் பழகிவிட வேண்டும், இல்லையென்றால் நஸீர் என் இடத்துக்கு ஒரு சாக்ஸபோன்காரரை வரவழைத்துவிடுவான். மூன்று மாதம் இருந்தது. பழக வேண்டியது ஆர்பெஜியோ. கார்டில் உள்ள நாலு ஸ்வரங்களையும் ஒரே அடியில் சேர்த்து அடிக்காமல், ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்பதற்கு அந்தப் பெயர். பாட்டில் கார்டு மாற மாற, அந்தந்த கார்டின் ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறாது என்றான் நஸீர்.

எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் கம்பியிலும் விரல் ஓடும், அரிசி களையும்போதும் ஓடும். என் வீட்டுக்காரர் அந்தோணி, திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறவர். "வீட்டுல இருக்க முடியல, என்னா பண்ணுற நீ?" என்று கேட்டார். "ஆர்பெஜியோங்க" என்றேன். அவர் கையில் கோபி என்கிற முட்டைக்கோசுச் செடிக்குத் தெளிக்கும் மருந்து டப்பா, வாசலில் லோரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காதில் எப்படி விழுந்ததோ, மறுநாள் திரிங்காப் முழுக்க, அந்தோணி சம்சாரம் ஸ்டெல்லா, ஓட்டலில் ஆர்ப்பாட்டம் பண்ணப்போகிறாள் என்று பேச்சு.

ஓட்டல் மேனேஜரும் தமிழர்தான். எஸ்டேட் பழக்கத்தில் நாங்கள் அவரைத் துரை என்போம். துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்து, கோரிக்கை என்னவென்று கேட்டார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரிந்ததும் கிட்டாரை எடுத்துவந்து நாலு ஸ்வரம் ஏற்றி இறக்கிக் காட்டி, இதுதான் துரை ஆர்பெஜியோ என்றேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இன்னும் முழுதாக நம்பாமல் கேட்டார்: "அப்ப இதுக்கு போலீஸ் பெர்மிட் ஒன்னும் வேணாம்லா?"

டியூன் ஆயிருச்சா?

ஒரு மாதம் கழித்து, முதல் தடவையாக வழிவிட்ட இடத்தில் முழுக்க ஆர்பெஜியோ வாசித்தேன். ஒரு ஸ்வரம் தவறவில்லை. அடியிலிருந்து நுனிவரை ஏறினேன், இறங்கினேன், அடுத்த கார்டு வந்ததும் அதன் அடிக்குப் போய் மறுபடி ஏறினேன். வேர்த்துவிட்டது, அதுவும் கேமரன் மலை குளிரில். எனக்கு அழுகை வருகிற மாதிரி சந்தோஷம்.

பக்கத்து மேஜையில் கிள்ளானிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த அம்மா அவ்வளவு நேரமும் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ரசிகை கிடைத்துவிட்டாள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் கரிசனமாகச் சொன்னார்: "அவசரமில்லக்கா, நல்லா டியூன் பண்ணி முடிச்சிட்டே வாசிங்க, நாங்க இருக்கோம்."

ஆமென்

ஞாயிற்றுக்கிழமையாவது இந்தத் தொல்லையில்லாமல் இருக்கலாம் என்றுதான் மாதா கோவிலுக்குப் போனேன். பிழை என் விரலுடையது. கடைசிப் பாட்டின் கடைசி ஆமென். முப்பது வருஷமாக மூன்று ஸ்வரத்தில் சாத்துகிற கதவு அது. அன்றைக்கு ஜாஸ் பழக்க தோஷத்தில் என் சுண்டுவிரல் ஏழாவது ஸ்வரத்தையும் சேர்த்து அழுத்திவிட்டது. அந்த ஸ்வரம் சேர்ந்தால் பாட்டு முடியாது. இன்னும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி அந்தரத்தில் நிற்கும்.

சபையும் நின்றது. யாரும் வெளியே போகவில்லை. ஃபாதர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். பாடல்குழுவின் மூத்தவர் ரோசம்மா அக்கா, எல்லோருக்கும் கேட்கிற ரகசியக் குரலில் கேட்டார்: "ஏண்டி ஸ்டெல்லா, ஆமென் முடிஞ்சுதா இல்லியா, நாங்க வீட்டுக்குப் போலாமா?"

மெனு

நவம்பர் கடைசியிலும் நான் அதே இடத்தில்தான் இருந்தேன். விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. எல்லா கார்டின் ஆர்பெஜியோவும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் வாசித்தால் அது பாட்டாக இல்லை. பரீட்சையில் ஒப்பிக்கிற மாதிரிதான் இருந்தது. நஸீர் கத்துகிற ஆளாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் கத்தவே மாட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"என்னாதான் தப்பு? ஸ்வரமெல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று ஒருநாள் நானே சண்டைக்குப் போனேன். சரியாகத்தான் இருக்கிறது என்றான். சனிக்கிழமை, பள்ளி விடுமுறையின் முதல் நாள், கோலாலம்பூரிலிருந்து சாக்ஸபோன்காரர் வருகிறார் என்றான். வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பார். நான் அன்றைக்கு வரலாம், வராமலும் இருக்கலாம். பேக்கிங் பகுதியின் சிமெண்ட் தரை காலுக்கடியில் வந்துவிட்ட மாதிரி இருந்தது. நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து அவனுக்கே சங்கடமாகிவிட்டது. கொஞ்சம் தணிந்து சொன்னான்: "எங்க அத்தா கடையில புதுசா வர்ற ஆளு, என்னா இருக்குன்னு கேட்டா ரொட்டி, தோசை, மீ கோரெங், நாசி கோரெங்னு முழுசா ஒப்பிப்பான். நீங்களும் அப்படித்தான்கா; ஒப்பிக்கிறீங்க, எதையும் மேஜைக்குக் கொண்டாந்து வைக்க மாட்டேங்கிறீங்க."

தாப்பா

புதன்கிழமை எனக்கு லீவு. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கிட்டாரோடு அந்தோணியின் லோரியில் ஏறிக்கொண்டேன். திரிங்காப்பில் கோபி ஏற்றி, மலையிறங்கி, அடிவாரத்துத் தாப்பாவில் இறக்கிப் போட்டுவிட்டு, வெறும் லோரியாகத் திரும்ப மேலே ஏறினோம். வளைவுக்கு வளைவு கதவில் இடித்துக்கொண்டே வாசித்தேன். ஒரு மணி நேரம் பொறுத்தவர், நடுவழியில் ரிங்லெட் அணைக்கட்டுக்கிட்டே வரும்போது கேட்டார், அது என்ன எப்போதும் ஒரே மாதிரி ஏறி ஏறி வருகிறது என்று.

அவருக்குப் புரிகிற மாதிரி இந்த ரோட்டையே வைத்துச் சொன்னேன். "நாலு ஸ்வரங்க. தாப்பா, ரிங்லெட், தானா ராத்தா, திரிங்காப்னு வச்சுக்கங்க. தாப்பாவுல கெளம்பி வரிசையா மேல ஏறணும். கார்டு மாறுனா வேற மலை, வேற ரோடு. அங்கயும் அடியிலேருந்து ஏறணும்." அவர் கியரை மாற்றினார். பிறகு பேசியதை அப்படியே தருகிறேன். கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று மாதம் விரல் தேய்ந்தும் எனக்குத் தோன்றாதது, கோபி ஏற்றுகிற மனுஷனுக்குத் தோன்றிவிட்டதே என்று. "ரிங்லெட்ல இருக்குறவன் ரிங்லெட்லதானே ஏறுவான்லா, அவன் எதுக்கு தாப்பாவுக்குப் போவணும்? பக்கத்துல எந்த ஸ்டாப் இருக்கோ அங்க ஏறு, ஒவ்வொரு தடவையும் கீழ எறங்கி ஏறுனா எண்ணெய் யாரு ஊத்துறது?"

ஜாம்

எங்கள் ஊரில் ஜாம் இரண்டு வகை. ஒன்று ஸ்கோனில் தடவுவது, இன்னொன்று பள்ளி விடுமுறையில் ரோட்டில் நிற்பது. சனிக்கிழமை நான் போனேன். வராமலும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டால் வராமல் இருந்துவிடுவேனா? நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஹால் நிரம்பி வழிந்தது. மூன்று மணி அடித்ததும் நஸீர் போனை எடுத்துப் பேசினான். என் காது வரை கேட்டது சாக்ஸபோன்காரரின் குரல்: ரிங்லெட்டில் மாட்டிக்கொண்டாராம், காடி நகரவே இல்லையாம். நஸீர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் அதற்குள் உட்கார்ந்துவிட்டிருந்தேன்.

இரண்டாவது பாட்டில் வழிவிட்டான். கை பழக்கத்தில் அடி ஸ்வரத்துக்குத்தான் போயிற்று. பிடித்து நிறுத்தினேன். ரிங்லெட் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, இரண்டாவது ஸ்வரத்தில் ஏறினேன். கார்டு மாறியது, கீழே இறங்கவில்லை, விரலுக்கு ஒரு கட்டம் தள்ளி அடுத்த கார்டின் ஸ்வரம் ஒன்று நின்றுகொண்டிருந்தது, அதில் கால் வைத்தேன். நடுவில் ஓர் இடத்தில் தவறிப்போய் ஒரு கட்டம் கீழே பிடித்துவிட்டேன். பயத்தில் விரலை மேலே இழுத்தேன். அந்த இழுவையே கேட்க நன்றாக இருந்தது. நாலே நாலு ஸ்வரம், அதே நாலு ஸ்வரம்தான், மூன்று மாதமாக என்னைப் பாடாய்ப் படுத்தியவை. அன்றைக்கு அவை பேசின. என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. நஸீர் கீபோர்டில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, எனக்கு விட வேண்டிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு விட்டான். எதிர் மேஜைப் பெரியவர் ஜாம் கத்தியைப் பிடித்தபடியே இருந்தார், தடவ மறந்துபோய். எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. துடைக்கக் கை சும்மா இல்லை.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சாக்ஸபோன்காரர் பெட்டியோடு உள்ளே வந்தார். பாவம், மூன்று மணி நேரம் காரிலேயே உட்கார்ந்து முகம் வெளுத்திருந்தது. ஜன்னலோரம் வந்து, "நான் எங்க உக்காரட்டும்?" என்று கேட்டார். நான் எழுந்திருக்கப் போனேன். பத்தொன்பது வருஷப் பழக்கம், யாராவது வந்து நின்றால் உடம்பு தானாக எழுந்துவிடும். நஸீர் வாசிப்பை நிறுத்தாமல், தலையையும் திருப்பாமல் சொன்னான்: "வேற நாற்காலி கொண்டாரச் சொல்றேன் அங்கிள், அதுல ஆளு இருக்கு."

நின்றே பாதி ஆயுளைக் கழித்தவள் ஒரு நாற்காலியைக் காப்பாற்றிவிட்டேன் சகோதரர்களே, இனி அதில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் அசையாமல் உட்கார யாராவது சொல்லிக்கொடுத்தால் தேவலை.