அக்கரையில் நின்ற அம்மா

நொய்யலில் புதுத்தண்ணீர் வருவதை எங்கள் மூக்கு முதலில் கண்டுபிடித்துவிடும். செம்மண்ணும் அழுகிய தென்னை மட்டையும் கலந்த அந்த வாடை வீதிக்குள் நுழைந்ததும், சூலூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் எல்லாரும் கேட்கும் ஒரே கேள்வி, "கல்லு தெரியுதுங்களா?" என்பதுதான். ஆற்றின் குறுக்கே கிடந்த தரைப்பாலத்தின் இரண்டு ஓரங்களிலும் சுண்ணாம்பு அடித்த முழங்கால் உயரக் கற்களை நட்டிருந்தார்கள். கல் தெரிந்தால் கடக்கலாம், மறைந்துவிட்டால் நின்ற கரையே கதி.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஓர் ஐப்பசி நாளில், காலை ஷிப்டுக்கு அக்கரை மில்லுக்குப் போன அம்மா இரண்டரை மணிக்கு ஆற்றங்கரைக்குத் திரும்பி வந்தபோது ஒரு கல்கூடத் தெரியவில்லை. இக்கரையில், ஐந்து மாதக் கைக்குழந்தையான என் தங்கை அப்பாவின் தோளில் பசியால் வீறிட்டுக்கொண்டிருந்தாள். ஆற்றின் இரைச்சலில் அந்த அழுகை அம்மாவுக்குக் கேட்டிருக்காது; ஆனால் பார்த்தாலே தெரிந்திருக்கும். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடப்பதும், கூட வந்த பெண்கள் இழுத்துப் பிடிப்பதும், அவர்களை உதறிவிட்டு மறுபடி நடப்பதுமாக இருந்தாள். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா புட்டியில் கொண்டுவந்த பசும்பாலைக் குழந்தை துப்பிவிட்டது. பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா தன் நான்கு மாத மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலடி தள்ளித்தான் நின்றிருந்தார். எங்கள் ஊர் ஆண்களுக்கு மரியாதையும் கூச்சமும் கொஞ்சம் அதிகப்படி. அப்பா அவரைப் பார்ப்பார், கனைப்பார், "மழை ஜாஸ்திதானுங்க" என்பார், மறுபடி ஆற்றைப் பார்ப்பார். கடைசியில் பாத்திமா அக்காதான் பொறுமை இழந்தார்.

"ஏனுங்ண்ணா, புள்ள தொண்டை கிழியக் கத்துது, கேக்கறதுக்கு என்னங்க? இப்படிக் கொண்டாங்க!"

டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் போய், பாலூட்டித் தூங்கவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா தங்கையை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். பாத்திமா அக்கா தன்னையும் குழந்தையையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினார். அம்மா கண்ணுக்கு மேல் கைவைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு செருகிய சேலையை இறக்கிவிட்டு, அந்த ஈரமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அன்று மில் தோழி வீட்டில் தங்கி, மறுநாள் வெள்ளம் வடிந்ததும் வந்து சேர்ந்தாள்.

எத்தனையோ தேர்தல்களுக்கு வாக்குறுதியாகவே இருந்த உயரமான பாலம் ஒருவழியாக வந்துவிட்டது. தரைப்பாலத்தை இடித்தார்கள், கற்கள் போயின, வீதியில் இப்போது யாரும் கல்லை விசாரிப்பதில்லை. அந்தக் காலம் போல வருமா என்று பெருமூச்சு விடுகிறவர்கள் விடட்டும். எனக்கு அதில் கடுகளவு ஏக்கமும் கிடையாது.

போன ஐப்பசியில் ஆறு கரைபுரண்டு ஓடிய ஒரு நாள், அக்கரைக் கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கை ஸ்கூட்டரில் நனைந்தபடி வந்து இறங்கினாள். தலையைத் துவட்டிக்கொண்டே, அம்மாவின் மடியிலிருந்த தன் கைக்குழந்தையை வாங்கினாள்.

"பாலத்து மேல ஒரே டிராபிக்குங்ம்மா, பத்து நிமிஷம் லேட்டாயிப்போச்சு. பையன் அழுதானுங்களா?"

அம்மா பத்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.