எருமைப் பாட்டுக்கு எழுந்தவர்

நர்ஸம்மா பெரியவரின் குதிகாலில் களிம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள். படுக்கைப் புண் வந்துவிடக் கூடாதே என்பது அவள் கவலை. அவர் கவலை வேறு. ஜன்னலோர ரேடியோவின் ஏரியல் ஒடிந்ததிலிருந்து நர்ஸம்மாவின் உடம்புதான் ஏரியல். அவள் நிற்கிற இடத்தைப் பொறுத்து ஊரிலுள்ள சின்னச் சின்ன நிலையங்கள் வந்து போயின. கால்மாட்டில் குனிந்தால் கிட்டார் அலறியது. தலைமாட்டுக்குப் போனால் வயலின் இழைந்தது. பெட்பேனை எடுத்துக்கொண்டு கதவருகே போனால் மட்டும் படகோட்டும் பெண்கள் கூட்டமாகப் பாடினார்கள். அதற்காகவே பெரியவர் அடிக்கடி பெட்பேன் கேட்டார்.

போக்குவரத்துக் காவலராக இருந்தவர். விசிலைத் தவிர வேறு சங்கீதம் அறியாதவருக்கு இந்த வயதில் பாட்டுப் பித்து தலைக்கேறியிருந்தது. இடுப்பு ஆபரேஷன் ஆகி, வீட்டுக்கு வந்து, எலும்பும் கூடிவிட்டது. இந்த வாரம் எழுந்து நிற்காவிட்டால் அப்புறம் கட்டிலே கதி என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். பெரியவரோ, நாற்சந்தியில் நின்றதே ஏழு ஜென்மத்துக்குப் போதும் என்று காலை நீட்டிவிட்டார். மனைவி கெஞ்சினார், அழுதார், பேச்சை நிறுத்திப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

அன்று மாலை ஜன்னல் திரையை மாற்ற நர்ஸம்மா ஸ்டூலில் ஏறிக் கம்பியைப் பிடித்தாள். உடனே யாரோ ஒருத்தி, பக்கவாத்தியம் ஏதுமின்றி, காணாமல் போன எருமையைத் திட்டித் திட்டிப் பாடத் தொடங்கினாள். பெரியவர் வாய் பிளந்து கேட்டார்.

நர்ஸம்மா இறங்கினாள். ரேடியோ கொர்ரென்றது.

"ஏம்மா, திரும்ப ஏறு. எருமை கிடைச்சுதான்னு தெரியணும்."

"எனக்கும் ஒரு இடுப்புதான் ஐயா இருக்கு. வேணும்னா நீங்க வந்து நில்லுங்க."

"விழுந்துட்டா?"

"பிடிக்கத்தான் நான் இருக்கேன்."

கதவருகில் நின்ற மனைவி, "பொண்டாட்டிக்காக எழுந்திரிக்காத மனுஷன், எருமைக்காகவா எழுந்திரிக்கப் போறாரு" என்றார்.

எழுந்தார். நர்ஸம்மா அவர் இடுப்பில் ஒரு வாரைக் கட்டிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, வாக்கரை உருட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். பாட்டு லேசாகக் கேட்டது. பழக்கதோஷத்தில் வலது கையை உயர்த்தி வண்டியை நிறுத்துவதுபோல் விறைத்து நின்றார். குரல் கணீரென்று வந்தது. கடைசி அடியில் எருமை தானே வீடு திரும்பியது. அப்போதும் அவள் திட்டுவதை நிறுத்தவில்லை. மனைவிக்கு அந்தப் பாட்டு மிகவும் பிடித்துப்போனது.

மறுநாள் காலை, பெரியவர் கண் விழிக்குமுன், நர்ஸம்மா ரேடியோவைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறையின் கோடியில் வைத்தாள்.