அட்மிட் ஆனாள் என் மகள்

புனேயில் வேலை பார்க்கும் என் மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று ஒரு காலை முழுக்க நம்பிய முட்டாள் நான். ‘காட் அட்மிட்டட், அப்பா’ என்று செய்தி அனுப்பியிருந்தாள். எங்கள் சதுரங்கப்பட்டினத்தில் அட்மிட்டுக்கு ஒரே அர்த்தம்தான். மனைவி போனபின் வீட்டில் நான் மட்டும். பதறினால் அடக்க ஆளில்லை. மூன்று முறை அழைத்தும் அவள் எடுக்கவில்லை. பிளாஸ்க், போர்வை, ஆறு சாத்துக்குடியோடு பஸ்ஸுக்கு ஓடினேன்.

“இன்னா அண்ணாத்த, எங்க ஓட்ற?” என்றார் டீக்கடைக்காரர்.

“பொண்ண அட்மிட் பண்ணிகிறாங்கப்பா!”

“போர்வை சரி, டிக்கெட் எடுத்தியா?”

எடுக்கவில்லை. செங்கல்பட்டு ஸ்டேஷன் வரிசையில் நிற்கும்போது அவளே அழைத்தாள்.

“ஆஸ்பத்திரியா? அய்யோ அப்பா, காலேஜ்ல! மேல்படிப்புக்கு சீட் கெடச்சிருக்கு. ஆமா, அங்க இன்னா சத்தம்?”

“சாத்துக்குடி வாங்க மார்க்கெட் வந்தேன்மா.”

அட்மிட்டுக்கு ‘ஒப்புக்கொள்வது’ என்றும் பொருள் உண்டாம். ஒப்புக்கொள்கிறேன்: காலேஜ் என்றதும் எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை. இந்த மாதம் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். படிப்பு புனேயிலேயே இரண்டு வருடம். ஆறு சாத்துக்குடியையும் திரும்பும் பஸ்ஸில் நானே தின்றேன்.