ஏழு மணி சிக்னல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அண்ணன் வீட்டின் ஜன்னல் வழியே எனக்கு முதலில் தெரிந்தது ஒரு சிறிய சிவப்பு விளக்கு. விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அண்ணனின் வானொலிக் கருவி சிக்னல் அனுப்பும்போது மட்டும் எரியும் விளக்கு அது. கருவியின் முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. பிறகுதான் தரையைப் பார்த்தேன். அண்ணன் குப்புறக் கிடந்தார்.

அண்ணன் கோலார் தங்கவயலில் பிறந்தவர். சுரங்கத்தில் வேலை செய்த அப்பா நுரையீரல் கெட்டு இறந்ததும் படிப்பை நிறுத்திவிட்டுப் பெங்களூர் வந்தார். பொம்மசந்திராவில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் ஓய்வுபெறும்வரை உழைத்தார். என்னைப் படிக்கவைத்து, பத்திரிகை வேலைக்கு அனுப்பியவர் அவர்தான். அண்ணி புற்றுநோயில் இறந்த பிறகு தனியாகவே இருந்தார். பிள்ளைகள் இல்லை. என்னோடு வந்துவிடச் சொன்னால், "உன் அபார்ட்மென்ட்ல ஒயர் கட்ட விடுவாங்களாம்மா?" என்று கேட்பார்.

மொட்டைமாடியில் அவர் கட்டியிருந்த ஏரியல் ஒயர்தான் அது. பக்கத்து வீட்டு லில்லியக்கா கேலி செய்வார்: "உங்க ஒயர்ல என் சேலையக் காயப்போட்டா சிங்கப்பூர்ல தெரியுமாண்ணா?"

"போடும்மா. ஈரச் சேலைக்கு சிக்னல் எவ்ளோ கொறையுதுன்னு பாத்துடலாம்."

உரிமம் பெற்று, தானே செய்த கருவியில், டார்ச் விளக்குக்குக்கூடப் போதாத மின்சக்தியில் அண்ணன் தினமும் காலை ஏழு மணிக்குத் தன் உரிமத்துக்குத் தந்த எழுத்துகளான அழைப்புக் குறியை மோர்ஸ் தந்திக் குறிகளில் தட்டி அனுப்புவார். அதே கருவி, அதே ஒயர், அதே நேரம். அப்படியானால் ஒரு நாளுக்கும் மறு நாளுக்கும் கேட்பதில் வரும் வித்தியாசம் வானத்தால் வருவது என்பது அவர் கணக்கு. அத்திபெலேயில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் நண்பர் ரவீந்திரன் கேட்டுவிட்டு, எவ்வளவு தெளிவு என்று போனில் செய்தி அனுப்புவார். வானொலியில் பதில் பேசக் கூடாது என்பது இருவரின் ஏற்பாடு. கேட்காததைக் கேட்டதாகச் சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வரும்.

கடைசி இரண்டு வருடங்களில் அவர் காபி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தார். கேட்டால், குளிர் என்றார்.

அந்தச் சனிக்கிழமை முற்பகலில் பலமுறை அழைத்தும் அண்ணன் போனை எடுக்கவில்லை. ரவீந்திரனை அழைத்தேன்.

"பயப்படாதீங்கம்மா. இன்னிக்கு ஏழு மணிக்கு டாண்ணு வந்துச்சு. அவர் கைதான், எனக்குத் தெரியாதா? கடைசி எழுத்த ஒரு இழுப்பு இழுப்பாரு பாருங்க, அது வேற யாருக்கும் வராது. போன சைலன்ட்ல போட்டிருப்பாரு."

எனக்கும் அது போதுமானதாக இருந்தது. மறுநாள் விடியற்காலையில்தான் கிளம்பினேன். வாசலில் இரண்டு நாள் செய்தித்தாள்கள் கிடந்தன. "ஊருக்குப் போயிட்டாரு போலன்னு நெனச்சேம்மா" என்றார் லில்லியக்கா. தெருமுனைத் தச்சர் வந்து கதவை உடைத்தார். அண்ணனின் உடல் குளிர்ந்திருந்தது.

அடக்கம் முடிந்த பிறகு ரவீந்திரன் கருவியின் மூடியைத் திறந்தார். உள்ளே நாங்கள் அறியாத ஒரு சிறிய சர்க்யூட் இருந்தது. கை நடுங்காத நாளில் அண்ணன் தானே தட்டியதை, அந்த இழுப்பு உட்பட, பதிந்து வைத்திருந்தார். தினமும் ஏழு மணிக்கு அது தானாகப் போயிருக்கிறது.

ரவீந்திரன் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டார். "என்கிட்ட ஏன்ணா மறைச்சீங்க? கை நடுங்கினா நான் கேக்கமாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்று மேசையைப் பார்த்துச் சொன்னார்.

கதவைத் திறந்து தந்த தச்சருக்கும், மூன்று நாட்கள் எங்கள் எல்லோருக்கும் சமைத்துப் போட்ட லில்லியக்காவுக்கும், அண்ணனைத் தோளில் சுமந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், இந்த முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ரவீந்திரனுக்கும்தான். அவர் தன் மீது பழி போட்டுக்கொள்ள வேண்டாம் என்று இங்கே எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணனுக்கு வந்தது பக்கவாதம். வெள்ளிக்கிழமை இரவு விழுந்திருக்கிறார். மருத்துவரின் கணிப்புப்படி, சனிக்கிழமை ஏழு மணி சிக்னல் போனபோது அவருக்கு உயிர் இருந்தது.